டீ வரும்வரை உட்கார வேண்டும்

டயர்க்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. புது ட்யூப்பாக இருந்தாலும் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சக்கரத்துக்குள் விடுவார். கம்பெனிக்காரன் சோதித்துத்தானே அனுப்பியிருப்பான் என்று வண்டிக்காரன் கேட்டால், "அவன் சோதிச்சதை யார் சோதிச்சா?" என்பார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது ஊர்ப் பேச்சு. இவர் பல்லைப் பார்ப்பார், வாலைத் தூக்கிப் பார்ப்பார், கடைசியில் மாடே வேண்டாம் ஓட்டிக்கொண்டு போ என்று விடுவார்.

ஒரு தடவை கடைப் பலகைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. எதிர்க் கடை மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தன் ஏணியைத் தானே தூக்கி வந்து சுவரில் சாத்திவிட்டுப் போனார். கேட்காமல் ஒருவன் ஏணி கொடுக்கிறான் என்றால் அதில் ஒரு படி ஆடும். டயர்க்காரர் அப்படித்தான் கணக்குப் போட்டார். ஏணியை அப்படியே விட்டுவிட்டு, லாரி டயர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மேலே ஏறினார். டயருக்கு யார் ஏறுகிறார்கள் என்று தெரியுமா? அது வழுக்குகிற இடத்தில் வழுக்கியது. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வந்த மச்சான் சொன்னார்:

"ஏணியில விழுந்திருந்தாலாவது என்னைத் திட்டியிருக்கலாம் மாப்பிள்ளை. இப்ப யாரைத் திட்டுவீங்க?"

இந்த மச்சான் கண்ணாடிக்கடைக்காரர். நாள் முழுக்க அடுத்தவன் கண்ணைப் பார்த்து எழுத்துத் தெரிகிறதா என்று கேட்கிற தொழில். அவர் வாய்க்கு மட்டும் கண்ணாடி போடாமலே எல்லாம் நன்றாகத் தெரியும்.

அந்தத் தெருவில் வியாபாரிகள் சங்கம் ஒன்று உண்டு. வருஷம் ஒரு தடவை இரும்புக்கடை மாடியில் சங்கத்தின் செஸ் போட்டி நடக்கும். முதல் சுற்றில் எதிரெதிர்க் கடைக்காரர்கள் மோத வேண்டும் என்பது சட்டம். தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வருஷம் முழுக்க வண்டி நிறுத்துவதற்கும் குப்பை தள்ளுவதற்கும் சண்டை போடுகிறவர்கள், ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு சண்டை போடட்டும் என்று ஆரம்பத்தில் யாரோ வைத்த ஏற்பாடு. ஆக, டயர்க்காரருக்கு முதல் சுற்றில் எப்போதும் மச்சான்தான்.

முதல் சுற்று நடுவில் டீ வரும். டீயோடு ஸ்டூடியோக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் யார் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களை வைத்து ஒரு படம் எடுப்பார். தோற்றவர்கள் கீழே போய்விட வேண்டும், மாடியில் நிற்க இடமில்லை; ஜெயித்தவர்கள் அடுத்த சுற்றுக்காகப் பலகை முன்னாலேயே இருப்பார்கள். படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். இப்படி அந்தச் சுவர் முழுக்கப் படம். எந்தப் படத்திலும் டயர்க்காரர் இல்லை. டீ வருவதற்குள் அவர் தோற்றுப் படியிறங்கியிருப்பார். ஒரே ஒரு படத்தில் வாசலோரமாக ஒரு செருப்புக் கால் தெரிகிறது. அது தன்னுடையது என்று அவர் சொல்லிக்கொள்கிறார். நிரூபிக்க வழியில்லை.

முன்னெல்லாம் இதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன தடவை மகளும் அவள் கணவனும் வந்திருந்தபோது மாடியைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். மகள் ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தாள். இவர் தையல்கடை, இவர் மருந்துக்கடை, இது நம்ம கண்ணாடிக்கடை மாமா. மருமகப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்து முடித்து, மாமனாரிடம் மரியாதையாகத்தான் கேட்டான்.

"மாமா அப்ப எல்லாம் சங்கத்துல சேரலையா?"

சங்கம் ஆரம்பித்த அன்றைக்கு உட்கார பெஞ்சு கொடுத்தது யார்? டயர்க்காரர். பலகை வாங்கக் கூடவே அலைந்தது யார்? டயர்க்காரர். அதை எல்லாம் மருமகனிடம் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? "ம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்றைக்கே மனசுக்குள் ஒன்று முடிவாயிற்று. ஜெயிக்க வேண்டாம், கோப்பை வேண்டாம், டீ வரும்வரை உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தால் டீ வந்துவிடாதா என்று கேட்கலாம். அதை ஒரு வருஷம் அவர் செய்து பார்த்துவிட்டார். இரண்டாவது காயை நகர்த்தாமல் மோவாயைத் தடவிக்கொண்டே இருந்தார். செயலாளரான இரும்புக்கடைக்காரர் அந்த இடத்திலேயே கூட்டம் போட்டு, ஒரு காய்க்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் யோசிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார். சங்கத்தில் ஒரு தனி மனிதனுக்காகப் போட்ட சட்டம் அது ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் தோற்கிறார்? அவருக்கு ஆடத் தெரியாமல் இல்லை. காய்கள் குறைந்து, நாலு சிப்பாயும் ராஜாவும் மிஞ்சுகிற கடைசிக் கட்டத்தில் அவரை அசைக்க ஆளில்லை என்று மருந்துக்கடைக்காரரே சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டம் வரை போனால்தானே. ஆரம்பமே அவருக்குக் கண்டம். எதிராளி எதைக் கொண்டுவந்து வைத்தாலும் எடுக்க மாட்டார். சும்மா எவன் கொடுப்பான், உள்ளே முள் இருக்கும் என்பது அவர் கட்சி. இது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. மச்சான் தன் காய்களை நடுவில் கொண்டுவந்து, சந்தையில் கடை விரிக்கிற மாதிரி விரித்துவிடுவார். காவல் போட வேண்டிய வேலை இல்லை. பக்கத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொல்வார்:

"மாப்பிள்ளைகிட்ட ராணியையே நடுத்தெருவுல நிறுத்தலாம். பத்திரமா வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுட்டுப் போவாரு."

மாடியே சிரிக்கும். டயர்க்காரரும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொள்வார்.

போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பழைய பேப்பர்க் கடையில் செஸ் பத்திரிகை ஒன்று அவர் கண்ணில் பட்டது. பெரிய போட்டி ஒன்றில் இரண்டு பேர் ஆடிய ஆட்டத்தை முதல் காயிலிருந்து கடைசிக் காய் வரை போட்டிருந்தார்கள். ஆரம்ப ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள நினைப்பவர்கள் இதைப் படிக்கவும் என்று மேலேயே எழுதியிருந்தது. பேப்பர்க்கடைக்காரர் எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம் என்றார். காசு வேண்டாம் என்றதுமே டயர்க்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கேயே நின்று பக்கம் எல்லாம் வரிசையாக இருக்கிறதா, நடுவில் கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மத்தியானத்தில் கடையில் வேலை குறைவு. மனைவி அப்போது சாப்பாட்டோடு வந்து சாயங்காலம் வரை கல்லாவில் இருப்பாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லாரி டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன்மேல் பலகையை வைத்தார். பத்திரிகையில் கட்டத்துக்குக் கட்டம் பெயர் இருந்தது. குறுக்கே எழுத்து, நெடுக்கே எண். டயரின் ஓரத்தில் இருக்கிற எழுத்தையும் எண்ணையும் படித்தே வயிறு வளர்த்தவருக்கு அது ஒன்றும் மலை இல்லை. டயரில் அடையாளம் போடுகிற மெழுகுக்கட்டியை எடுத்துப் பலகை ஓரத்தில் எழுத்துகளை எழுதினார். பத்திரிகையை மனைவியிடம் கொடுத்தார்.

"நீ ஒண்ணொண்ணாப் படி. நான் வெக்கிறேன். உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"நான் சொன்னா மட்டும் நம்பிடுவாரா? நீங்க ஒரு புத்தகத்தை நம்பிப் படிக்கிறீங்கன்னு சொன்னா எனக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்னு கூட்டிட்டுப் போயிடுவாரு."

"படி."

பத்திரிகையில் இரண்டு ஆட்டக்காரர்களின் படமும் இருந்தது. பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஒருவனுக்குத் தாடி. மற்றவன் கன்னத்தில் கை வைத்திருந்தான். வெள்ளைக் காய் கன்னத்தில் கை, கறுப்புக் காய் தாடி, ஜெயித்தது தாடி என்று மனைவி சொன்னாள்.

"அப்ப நான் தாடி," என்று டயர்க்காரர் கறுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவர் எப்போதுமே கறுப்புத்தான். மச்சானைக் காசு சுண்டிப் பார்க்கக்கூட விடமாட்டார். முதலில் அவன் கையைக் காட்டட்டும் என்பார்.

மனைவி படிக்கப் படிக்க இவர் வைத்தார். வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம். கறுப்புச் சிப்பாய் எதிரே இரண்டு கட்டம். அடுத்து கன்னத்தில் கை இன்னொரு சிப்பாயைப் பக்கத்தில் கொண்டுவந்து சும்மா நிறுத்தினான். தாடி அதைச் சட்டென்று எடுத்துவிட்டான்.

"எடுத்துட்டானா?"

"எடுத்துட்டான்னுதான் போட்டிருக்கு."

"செத்தான்," என்றார் டயர்க்காரர். "படி."

இன்னும் சில காய்கள் போயின. கன்னத்தில் கை கோட்டை கட்டினான் என்று வந்தது. ராஜாவை மூலைப் பக்கம் ஒதுக்கி, யானையைக் கொண்டுவந்து காவல் வைப்பதற்குத்தான் கோட்டை கட்டுவது என்று பெயர். ராஜாவுக்கும் யானைக்கும் நடுவில் யாரும் இருக்கக் கூடாது. டயர்க்காரர் பார்த்தால் நடுவில் மந்திரியும் குதிரையும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எங்கே கோட்டை கட்டுவது?

"பார்த்தியா! அச்சுல கோளாறு பண்ணி வெச்சிருக்கான். அதான் அந்தாளு ஓசியிலே தள்ளிவிட்டான். அப்பவே நெனச்சேன்."

கையோடு பத்திரிகையை எடுத்துக்கொண்டு பேப்பர்க் கடைக்குப் போய்விட்டார். சும்மா கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்த முதல் ஆளை அந்த மனிதர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"அண்ணே, பிடிக்கலைன்னா டயர் துடைச்சுக்குங்க. அதுக்கு ஏன் இவ்வளவு தூரம்?"

திரும்பி வந்தபோது மனைவி பலகையைச் சுற்றி வந்து வெள்ளைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பத்திரிகையைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த பலகைப் படத்தையும் டயர்மேல் இருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல எழுத்து வெள்ளைக் காய்க்காரன் இடது கைப் பக்கம் ஆரம்பிக்குது. நீங்க உங்க இடது கைப் பக்கம் ஆரம்பிச்சு எழுதி வெச்சிருக்கீங்க."

டயர்க்காரர் பார்த்தார். ஆமாம். அவர் உட்கார்ந்த பக்கத்திலிருந்து எழுதியிருந்தார். ஆட்டம் முழுக்கக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகப் போயிருந்தது. கோட்டை கட்ட வேண்டிய பக்கத்தில் ஒரு காய்கூட நகரவில்லை, மறு பக்கம் மொத்தமும் ஊர்வலம் போயிருந்தது.

"அச்சுக்காரன் தெளிவா எழுதியிருக்கணும்," என்றார்.

"ஆமாமா. இவரு டயர் மேல உக்காந்து தலைகீழாப் படிப்பாருன்னு அவனுக்குக் கனவு வந்திருக்கணும்."

எழுத்தை அழித்து மறுபடி எழுதினார்கள். இந்தத் தடவை கோட்டை ஒழுங்காக எழும்பியது. அதற்குப் பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது. தாடி சிப்பாயை எடுத்தான் அல்லவா, எடுத்ததைக் காப்பாற்றவே இல்லை. கன்னத்தில் கை நிதானமாக வந்து அந்தச் சிப்பாயை அடித்து எடுத்துக்கொண்டு போகிறான். தாடி கண்டுகொள்ளவில்லை. தன் குதிரையை வெளியே விட்டான், மந்திரிக்கு வழி திறந்தான், கோட்டை கட்டினான்.

"இதுக்கு எதுக்கு எடுத்தான்? எடுத்தா விடக்கூடாது. விடறதா இருந்தா எடுக்கக் கூடாது," என்றார் டயர்க்காரர். அவருடைய அறுபது வருஷத்து நியாயம் முழுக்க அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது.

கீழே சின்ன எழுத்தில், இந்தச் சிப்பாயைக் காப்பாற்ற நினைப்பது ஆபத்து என்று போட்டிருந்தான். ஆபத்து என்று சொன்னால் ஆயிற்றா? ஆபத்தைக் காட்ட வேண்டாமா? டயர்க்காரர் மறுநாள் அதைச் சோதிக்க உட்கார்ந்தார். ட்யூப்பைத் தண்ணீரில் முக்குகிற மாதிரிதான். எடுத்த சிப்பாய்க்கு இன்னொரு சிப்பாயைக் காவல் வைத்தார். வெள்ளைப் பக்கம் போய் அந்தக் காவலை ஓரத்திலிருந்து இடித்தார். கறுப்புப் பக்கம் வந்து காவலுக்குக் காவல் வைத்தார். இப்படி டயரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது வெள்ளை ராணி ஒரே தாவலாகச் சாய்ந்து வெளியே வந்தாள். அவள் கண் நேராக மூலையில் இருந்த யானைமேல். யானைக்கு ஓட வழியில்லை. காவல் காவல் என்று சிப்பாய்களைத் தள்ளியதில் யானையின் வீட்டுக் கதவையே கழற்றி வைத்திருந்தார். குமிழி வந்துவிட்டது.

அவர் அப்படியே நின்றார். முகத்தைப் பார்த்த மனைவி, கல்லாவில் சில்லறையை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்ன?"

"பிடிச்சு வெச்சா யானை போயிடுது."

"அப்ப குடுத்துட வேண்டியதுதானே. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பாத்திரம் வாங்குறோம். அவ வந்து கேட்டா குடுத்துடறோம். அவ செருப்பு மாட்டிட்டு நடந்து வர்ற நேரத்துல நம்ம அடுப்பு வேலை முடிஞ்சிருக்கும்."

"நீ அவகிட்ட எதுக்கு வாங்குற?"

"உங்களை நம்பிக் குடும்பம் நடத்தினா வாங்கத்தானே வேணும்."

டயர்க்காரர் பலகையைப் பார்த்தார். கன்னத்தில் கை தன் சிப்பாயைத் திரும்ப எடுக்க நடந்த நேரத்தில் தாடியின் வீட்டில் எல்லா வேலையும் முடிந்திருந்தது. எடுத்தால் கடனாளி ஆகிவிட மாட்டோம், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று ஒருவன் ஆடியிருக்கிறான், ஆடி ஜெயித்தும் இருக்கிறான். இதை ஒத்துக்கொள்ள அவருக்குப் பல மத்தியானங்கள் ஆயின. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த முதல் சில காய்களை வைத்து வைத்துப் பார்த்தார். கைக்கே வழி தெரிந்துவிட்டது.

எதிர்க்கடையிலிருந்து மச்சான் குரல் கொடுப்பார்.

"என்ன மாப்பிள்ளை, பட்டப்பகல்ல பாதி ஷட்டர்?"

"ஈ."

"இத்தனை வருஷமா இல்லாத ஈ?"

"உங்க கடைப் பக்கத்துலேருந்துதான் வருது."

போட்டி நாள் வந்தது. இரும்புக்கடை மாடிப்படி குறுகல். ஏறும்போது துருவும் பெயின்டும் சேர்ந்து மூக்கில் ஏறும். மேலே ஒரே கூடம், ஒரே மின்விசிறி, அதுவும் தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றும். மேஜைக்கு மேஜை பலகை. டயர்க்காரர் தன் நாற்காலியை அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எதிரே மச்சான். சட்டை மடிப்பு கலையவில்லை, கண்ணாடி பளபள.

"சீக்கிரம் முடிச்சிடலாம் மாப்பிள்ளை. டீக்கு முன்னால எனக்கு ஒரு போன் பேசணும்."

"பேசிட்டே ஆடுங்க."

மச்சான் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். டயர்க்காரர் எதிரே தள்ளினார். மச்சான் வழக்கம் போலப் பக்கத்துச் சிப்பாயையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தையல்கடைக்காரர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எடுக்கிறவனாக இருந்தால்தானே பார்க்க வேண்டும்.

டயர்க்காரரின் கை பலகைமேல் போனது. நின்றது. உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் வேண்டாம் என்றது. மருமகப்பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. எடுத்தார்.

மரத்தில் மரம் தட்டும் சத்தம் கேட்டு மச்சான் திரும்பினார். பலகையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"தெரிஞ்சுதான் எடுத்தீங்களா?"

"நீங்கதானே வெச்சீங்க?"

வேறு யாராவது எடுத்திருந்தால் மச்சான் சிரித்துக்கொண்டே அடுத்த காயை நகர்த்தியிருப்பார். எடுத்தது மாப்பிள்ளை. ஏணியைத் தொடாத மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த வீட்டில் கொடுத்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் குடித்த மாப்பிள்ளை. அவர் எடுத்தால் சும்மா எடுப்பாரா? இதில் பெரிய திட்டம் ஏதோ இருக்கிறது. மச்சானின் முகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு சுருக்கம் விழுந்தது. அந்தச் சிப்பாயைத் திரும்ப எடுக்க வழி இருந்தது, ஆனால் எடுக்கத் தயங்கினார். அதுதான் பொறியோ என்னவோ. மோவாயைத் தடவினார்.

"ஐந்து நிமிஷம்," என்றார் செயலாளர் பின்னாலிருந்து. அந்தச் சட்டத்தை அவர் மச்சானிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

மச்சான் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். டயர்க்காரர் குதிரையை வெளியே விட்டார். மச்சான் மறுபடி யோசித்தார். கடைசியில், நாய் வாயிலிருந்து எலும்பை எடுக்கிற மாதிரி மெல்ல மந்திரியைக் கொண்டுவந்து தன் சிப்பாய்க்கு ஈடாக அந்தக் கறுப்புச் சிப்பாயை எடுத்துக்கொண்டார். எடுத்துவிட்டு மாப்பிள்ளை முகத்தையே பார்த்தார். மாப்பிள்ளை முகத்தில் ஒன்றும் இல்லை. போனால் போகட்டும் என்று மந்திரிக்கு வழி திறந்துகொண்டிருந்தார். மச்சானுக்கு இது இன்னும் பெரிய கிலியாகப் போயிற்று. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறார், வருத்தமும் இல்லை!

டயர்க்காரர் கோட்டை கட்டினார். அந்தக் கூடத்தில் அவர் கோட்டை கட்டியதை ஒருவரும் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து நின்றார்.

"அட, வீடு கட்டிட்டாரு. குடிபோக வேண்டியதுதான்."

மச்சானுக்குப் போன் பேச வேண்டும் என்பதும் மறந்துவிட்டது. காய்க்கு ஐந்து நிமிடம் என்று முழுசாக யோசித்தார். மூக்கிலிருந்து கண்ணாடி வழுகி வழுகி இறங்கியது. பக்கத்து மேஜைகளில் ஒன்றிரண்டு ஆட்டம் முடிந்து ஆட்கள் கீழே இறங்கினார்கள். டயர்க்காரர் ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். இறங்குகிற சத்தம் வேறு, ஏறுகிற சத்தம் வேறு. கடைசியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் படியில் ஏறி வந்தது. டீ.

டீயும் வந்தது, ஸ்டூடியோக்காரரும் வந்தார். டயர்க்காரர் இன்னும் நாற்காலியில் இருந்தார்.

அந்தச் சத்தத்தில் மச்சானுக்குக் கவனம் சிதறியதோ, ஐந்து நிமிடம் முடியப்போகிறது என்ற அவசரமோ, குதிரையைத் தூக்கிப் பலகை நடுவில் வைத்தார். வைத்துக் கையை எடுத்தார். டயர்க்காரர் குனிந்து பார்த்தார். குதிரைக்குக் காவல் இல்லை. அவருடைய மந்திரி ஓரத்திலிருந்து நேர் சாய்வாக அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடங்கலும் இல்லை. சும்மா கிடக்கிற குதிரை.

"எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க!" என்றார் ஸ்டூடியோக்காரர். "சார், கொஞ்சம் சிரிங்க!"

கூடமே காமிராவைப் பார்த்தது. டயர்க்காரர் பார்க்கவில்லை. தலையைத் திருப்பினால் மச்சான் காயை நகர்த்திவிடுவார், இத்தனை பேர் பார்க்கும்போதுதான் திருட்டு சுலபம் என்று அவருக்கு ஒரு கணக்கு. குதிரையையே பார்த்தார். மந்திரியைத் தொடக் கை நீண்டது. அந்த நேரத்தில் நிமிர்ந்து மச்சானின் முகத்தைப் பார்த்தார்.

மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் தெரிய, கன்னம் உப்ப, நிறைந்த சிரிப்பு.

காமிரா பளிச்சென்றது. டயர்க்காரரின் கை பின்வாங்கியது. அதானே! இவ்வளவு நேரம் வேர்த்து வடிந்தவன் குதிரையை வைத்த மறு நிமிஷம் இப்படிச் சிரிக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? பத்திரிகையில் சிப்பாயை எடு என்றுதான் போட்டிருந்தான். குதிரையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டயர்க்காரர் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

மச்சான் திரும்பிப் பலகையைப் பார்த்தார். சிரிப்பு வடிந்து முகம் வெளுத்தது. அவசர அவசரமாகக் குதிரையைத் தூக்கிக் காவலுக்குள் வைத்துவிட்டு, ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

அதற்குப் பிறகு ஆட்டம் வெகுநேரம் இழுத்தது. மற்ற மேஜைகளில் எல்லாம் ஆட்டம் முடிந்து, செயலாளர் விசிறிக்குக் கீழே தூங்கி எழுந்த பிறகுதான், நாலு சிப்பாய்க் கட்டத்தை எட்டாமலே, டயர்க்காரர் தோற்றார். கடைசி ஆளாக எழுந்தார். படியில் இறங்கும்போது மச்சானே கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு என் உசுரை எடுத்துட்டீங்க."

"குதிரையைத்தான் எடுக்கல," என்றார் பின்னால் வந்த மருந்துக்கடைக்காரர்.

படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மனைவி போனில் மகளுக்கு அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"அப்பா, நீங்க இருக்கீங்க! நல்லா நடுவுல இருக்கீங்க!"

"ம்," என்றார் டயர்க்காரர். மனைவி பார்க்காத பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆனா ஏம்ப்பா எல்லாரும் காமிராவைப் பார்க்கறாங்க, நீங்க மட்டும் மாமாவை முறைக்கிறீங்க?" அதற்குள் பின்னாலிருந்து மருமகப்பிள்ளையின் குரல் மெதுவாகக் கேட்டது. "அந்தக் குதிரை சும்மாதானே நிக்குது? உங்கப்பா ஏன் எடுக்கல?"

அதுதான் வினை. ஸ்டூடியோக்காரர் புதுக் காமிரா வாங்கியிருந்தார். பலகையில் இருந்த ஒவ்வொரு காயும் எண்ணிவிடுகிற மாதிரித் துல்லியமாக விழுந்திருந்தது. மாடிக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நின்று, விரலால் மந்திரியிலிருந்து குதிரை வரை ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, டயர்க் கடைக்கு வந்து கேட்டான். காற்றடிக்க வந்தவன் கேட்டான். பேப்பர்க்கடைக்காரர் அதற்காகவே வந்து கேட்டார். எல்லாரிடமும் டயர்க்காரர் ஒரே பதில்தான் சொன்னார்.

"படத்துல குதிரையைப் பார்த்தீங்க. பக்கத்துல அந்தப் பல்லைப் பார்த்தீங்களா? அப்படிச் சிரிக்கிறவன் வெச்ச குதிரையை எவன் எடுப்பான்?"

"அது காமிராவுக்குச் சிரிச்சதுங்க," என்றாள் மனைவி.

"அதை நீ சொல்ற. உன் அண்ணன்."

கடைசியில் மச்சானே தெருவைக் கடந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாப்பிள்ளை, இதோட விடுங்க. அந்தக் குதிரையை நான் பார்க்கவே இல்லை. கை தவறி வெச்சுட்டேன். நீங்க எடுத்திருந்தா நான் அன்னைக்கே எழுந்து போயிருப்பேன். சத்தியமா சொல்றேன்."

டயர்க்காரர் கையில் இருந்த ட்யூப்பைத் தொட்டிக்குள் முக்கினார். மச்சான் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சத்தியம் வேற பண்றீங்களா?" என்றார். "அப்ப கண்டிப்பா அதுல ஏதோ இருந்திருக்கு."